கத்திரி பட்ட துணி

2016 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை முடிந்த அதே வாரம். எட்டரை மணிக்குக் கடையைத் திறந்து வாசலைக் கூட்டினேன். பூஜைக்குக் கட்டியிருந்த வாழைக்கன்று வாடிச் சாய்ந்திருந்தது. அவிழ்த்து ஓரமாகப் போட்டேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். முந்தைய நாள் பாதியில் விட்ட டிரைவர் சீட் உறையைத் தைத்து முடித்துவிட்டுத்தான் டீக்குப் போனேன். லாரிகளுக்கு சீட் தைப்பது என் தொழில். நாமக்கல்லில், சேலம் ரோட்டில், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு எதிர் வரிசையில் கடை.

நான் திரும்பி வந்தபோது பக்கத்துத் தார்ப்பாய்க் கடை வாசலில் ராசு நின்றிருந்தான். பல வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவன். அந்த ஆவணியில்தான் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கியிருந்தான். வண்டியோடு வந்த தார்ப்பாய் கந்தல். ராசிபுரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நாக்பூர் லோடு கேட்டிருந்தான். புதுத் தார்ப்பாயோடு வந்தால் இந்த வெள்ளிக்கிழமை லோடு உனக்கு, அது நனையாமல் போய்ச் சேர்ந்தால் மழைக்காலம் முடியும்வரை தொடர்ந்து உனக்குத்தான் என்று ஆலை மேனேஜர் சொல்லியிருந்தார். ஜவ்வரிசி மூட்டையில் தண்ணீர் பட்டால் உள்ளே கட்டி கட்டியாக இறுகிவிடும். அப்புறம் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

"ஏனுங்க, ஆச்சுங்களா?" என்று கேட்டான் ராசு.

"ஆச்சுங்க சாமி. மத்தியானமா வந்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க," என்றார் தார்ப்பாய்க் கடைக்காரர்.

ராசு சந்தோஷமாகப் போனான். அவனுடைய தார்ப்பாய் உள்ளே சுவரோரம் இரண்டு துண்டாகக் கிடந்தது. அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் பல வருடம் தொழில் செய்தோம். அத்தனை வருடத்தில் "முடியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "ஆகாது" வந்ததில்லை. "இல்லை" கூட, சாப்பிட்டீர்களா என்று கேட்டால்தான் வரும்.

"அதுக்கென்னுங்க, ஆகட்டும்." இதுதான் அவருடைய சொல். தலையை லேசாகச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து, விருந்தாளியை வீட்டுக்குள் அழைப்பது போல அதைச் சொல்வார். கேட்டவர்களுக்கு அங்கேயே பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்தத் தார்ப்பாய்க் கடையிலும் நான் அதைப் பார்க்கவில்லை. ஆள் வந்து அளவு சொன்ன உடனே, வந்தவர் கண் முன்னாலேயே உருளையிலிருந்து கேன்வாஸைப் பிரித்து, சாக்கட்டியில் கோடு போட்டு, கத்திரியை வைத்துவிடுவார். தைக்க எத்தனை நாள் ஆகும், முன்னால் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அதெல்லாம் பிறகு. முதலில் வெட்டு.

"எதுக்குங்ணா இப்பவே வெட்டறீங்க? தைக்கிறப்ப வெட்டிக்கலாமே," என்று ஒருமுறை கேட்டேன்.

"தம்பி, துணியில கத்திரி பட்டுப்போச்சுன்னா அந்த ஆளு நம்ம ஆளு. அடுத்த கடைப் படி மிதிக்க மாட்டாரு. நமக்குன்னு துணிய இத்தனை பெருசா வெட்டிப்போட்டாங்களேன்னு அவுருக்கே ஒரு கூச்சம் வந்துரும்."

அவர் சொன்னது நடந்தது. யாரும் அடுத்த கடைக்குப் போகவில்லை. காத்திருந்தார்கள். மழைக்கு முந்தைய மாதங்களில் அந்தக் கடைக்குள் நடக்க இடமிருக்காது. வெட்டிய துண்டுகள் சுருட்டிச் சுருட்டி நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் சாக்கட்டியில் ஒரு வண்டி எண். எல்லா வேலையும் தொடங்கியிருக்கும். முடிந்த வேலை என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு தையல்காரர்கள் இருந்தார்கள். எந்தத் தார்ப்பாயின் சொந்தக்காரர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரோ அதை எடுத்து மெஷினில் போடுவார்கள். அவர் எழுந்து போனதும் அது இறங்கிவிடும். அடுத்து வந்து உட்கார்ந்தவருடையது ஏறும். விவரம் தெரிந்த சில டிரைவர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நாள் முழுக்க அந்தப் பெஞ்சிலேயே படுத்துக் கிடப்பார்கள்.

கோபமாக வருகிறவர்களும் உண்டு. சங்ககிரியிலிருந்து ஒருவர் வாசலில் நின்றபடியே கத்தத் தொடங்கினார். இவர் குறுக்கே பேசவில்லை. முழுவதையும் கேட்டார். "நீங்க பேசறது நாயமுங்க" என்றார். டீ வரவழைத்தார். அவருடைய மகள் படிப்பைப் பற்றி விசாரித்தார். சற்று நேரத்தில் அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து, தன் மச்சான் வண்டிக்கும் ஒரு தார்ப்பாய் வேண்டும் என்று அளவு சொல்லிக்கொண்டிருந்தார். மூத்த தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "பாத்தீங்களாங்ணா, திட்ட வந்த ஆளு அளவு குடுத்துட்டுப் போறாரு," என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். உள்ளே கத்திரி வெட்டும் சத்தம் கேட்டது.

அவரை வெறும் வியாபாரத் தந்திரக்காரர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. தனக்கு ஒன்றும் கிடைக்காத இடத்திலும் அவர் அப்படித்தான். ஒருநாள் வெளியூர் டிரைவர் ஒருவர் கடை தெரியாமல் வந்து ஹாரன் இருக்கிறதா என்று கேட்டார். தார்ப்பாய்க் கடையில் ஹாரன் ஏது? "அதுக்கென்னுங்க, உக்காருங்க" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினார். முதலைப்பட்டி பக்கம் வரை போய்த் தேடி வாங்கி வந்து, தானே வண்டிக்கு அடியில் புகுந்து பொருத்தியும் கொடுத்தார். அந்த டிரைவர் மறுபடி வந்ததாக எனக்கு நினைவில்லை. இவர் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. அன்று இவருக்காகக் கடையில் மூன்று பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டிலும் அதே கதை. அவர் மனைவி மாலையில் கடைக்கு வந்து கயிறு முறுக்குவார். தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கும் வளையத்துக்குத் துளை போடுவார். கை நிற்காது, வாயும் நிற்காது. ஒரு வைகாசி முகூர்த்தத்தில், எடப்பாடியில் ஒரு கல்யாணம், பரமத்தியில் ஒன்று, இங்கேயே ஒன்று. மூன்று வீட்டுக்காரர்களிடமும் இவர் "முகூர்த்தத்துக்கே வந்துர்றோமுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அந்த அக்கா என் கடை வாசலில் நின்று சொன்னார்:

"மூணு கண்ணாலத்துக்கும் போனமுங்க தம்பி. ஒரு தாலியும் கண்ணுல பாக்குல, ஒரு பந்தியிலயும் உக்காருல. சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுல ஆளுக்கு ரெண்டு போண்டா வாங்கிக் குடுத்தாரு உங்கண்ணன். பட்டுப்பொடவையோட நின்னு தின்னேன்."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "மூணு ஊட்லயும் சந்தோசப்பட்டாங்கல்லொ?"

"ஆமா, நாம எப்படா போவோம்னு பாத்து சந்தோசப்பட்டாங்க."

தொழில் தொடங்கிய புதிதில் அவரைப் பார்த்துத்தான் நானும் நடந்தேன். கேட்டவருக்கெல்லாம் சரி சொன்னேன். ஒரு பருவம் முழுக்க ஐந்தாறு வண்டிகளின் ரெக்சினை வெட்டி வைத்துக்கொண்டு, எந்த வண்டிக்கும் முழு சீட் கொடுக்க முடியாமல், டிரைவர்கள் பலகை மேல் சாக்கு விரித்து ஓட்டிப் போவதைப் பார்த்தேன். அதன் பிறகு ஒரு வண்டியின் சீட் ஏறி, அந்த டிரைவர் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அடுத்த வண்டிக்குத் துணி வெட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எந்தத் தேதி முடியுமோ அதைச் சொல்வேன். அவசரம் என்றால் வேறு கடையைக் காட்டுவேன்.

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "உங்க கடை ஆஸ்பத்திரியாட்ட இருக்குதுங்க தம்பி. ஒவ்வொருத்தராக் கூப்புட்டு மருந்து குடுக்கறீங்க," என்பார். அதில் உண்மை இருந்தது. என் கடைக்கு வருகிறவர்கள் வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டீ குடிக்க அவருடைய பெஞ்சுக்குத்தான் போவார்கள். நான் சொன்ன தேதியில் சீட்டை வாங்கிக்கொண்டவர்கள் கூட அவரிடம் போய்த்தான் சிரித்துப் பேசினார்கள்.

ஒருமுறை நேராகவே கேட்டேன். "பத்து நாள் ஆகும்னு சொன்னா என்னங்ணா? இஷ்டம் இருந்தா நிப்பாங்க, இல்லைன்னா போவாங்க."

அவர் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சாக்கட்டியைச் சிறிது நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லலாமுங்க. சொல்லிப்போட்டு அவிய மூஞ்சி சுருங்கறத யாருங்க தம்பி பாக்கறது? எனக்கு அது ஆகறதில்லீங்க. சின்ன வயசுல இருந்தே ஆகறதில்லீங்க."

நாளைக்குச் சுருங்குமே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், நாளைக்கு டீ வாங்கிக் கொடுப்பேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ராசு மத்தியானம் வந்தான். மெஷினில் வேறொருவரின் தார்ப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் காலையிலிருந்தே பெஞ்சில் இருந்தார். "சோறு தின்னுபோட்டு வந்துருங்க சாமி, கடைசித் தையல்தான்," என்றார் கடைக்காரர். ராசு போனான். மேற்கே வெளுப்பாக இருந்தது. கொல்லிமலைப் பக்கம் மட்டும் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. பட்டறையில் வெல்டிங் செய்கிறவர்கள் கூட வேலையை விட்டுவிட்டு அந்தத் திசையைப் பார்த்தார்கள். அந்த வருடம் அதுவரை சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. இன்றைக்கு நிச்சயம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

நாலு மணிக்கு ராசு வண்டியையே கொண்டுவந்து எதிரில் நிறுத்தினான். ஆறு மணிக்குள் ஆலையில் நிற்க வேண்டும். வண்டியைக் கண்டதும் இவர் தையல்காரர்களிடம் அவசரமாக ஏதோ சொன்னார். பெஞ்சுக்காரரின் தார்ப்பாய் இறங்கியது. ராசுவின் இரண்டு துண்டுகளும் ஏறின.

இரண்டு துண்டுகள் சேரும் நடு மூட்டுதான் தார்ப்பாயின் உயிர். மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். அந்த இடத்தில் துணியை மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். தையல் துளைகள் அடைபட மேலே மெழுகைக் காய்ச்சித் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். அன்று தையல்காரர் ஒரே ஒரு தையலை ஓட்டினார். ஓட்டிவிட்டு முதலாளியைப் பார்த்தார். இவர் போதும் என்பது போலக் கையைக் காட்டினார். அக்கா குனிந்தபடி ஓரத்தில் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு இவரே தார்ப்பாயை மடித்தார். மூட்டு உள்பக்கம் போகும்படி மடித்தார்.

நான் அருகில் போய்த் தணிந்த குரலில், "அண்ணா, மூட்டு?" என்றேன்.

"போயிட்டு வந்து குடுப்பாருங்க. அப்ப ரெண்டாந்தையல் போட்டுக்கலாம். மேகம் வாரதும் போறதும் புதுசுங்களா தம்பி?"

ராசு ஓடிவந்து தார்ப்பாயைத் தடவிப் பார்த்தான். புதுக் கேன்வாஸின் வாசனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். அவன் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பிறகு என் பக்கம் திரும்பினான். அவன் டிரைவராக இருந்த காலத்திலிருந்தே என்னிடம் சீட் தைத்தவன்.

"எப்படிங்ணா இருக்குது நம்ம தார்ப்பாய்?"

என்னிடம் நேராகக் கேட்டுவிட்டான். கேட்காமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

"நடு மூட்டுல ஒத்தைத் தையல்தான் ராசு. மெழுகு வெக்கல. பெருமழை புடிச்சா ஒழுகும்," என்றேன்.

மெஷின்கள் இரண்டும் நின்றன. ராசு மடிப்பைப் பிரித்து மூட்டைத் தேடிப் பிடித்தான். வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தான். தையல் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"ஏனுங்க இப்படி?" என்றான். குரல் உயரவில்லை.

"அதுக்கென்னுங்க சாமி, இப்பப் போட்டர்லாம். அஞ்சு மணிக்குள்ள முடிச்சர்லாம்."

"மெழுகு எப்பங்க காயும்? பொழுது எறங்கிருச்சு."

"காஞ்சிருமுங்க."

அப்போது அக்கா வளையம் அடிக்கும் சுத்தியலைக் கீழே வைத்தார். "காயாதுங்க சாமி," என்றார் ராசுவிடம். "நாளைக்கி மத்தியானம் ஆகும்."

ராசு கொஞ்சம் தள்ளிப் போய் ஆலை மேனேஜருக்குப் போன் செய்தான். நாளைக்கு மத்தியானம் வரை பொறுக்க முடியுமா என்று கேட்டான். மேனேஜர் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. ராசு "சரிங்க", "சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மடித்த தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்தான்.

"வேற வண்டி ஏத்தறாங்களாமுங்க."

இவர் டீ சொல்லப் போனார், ராசு தடுத்தான்.

"டீ வேண்டாமுங்க. பூசைக்கு முன்னாடி அளவு குடுத்தனே, அன்னிக்கே ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாடகைக்காச்சும் ஒரு தார்ப்பாய் புடிச்சிருப்பனுங்களே. இந்நேரத்துக்கு எங்கீங்க போயித் தேடறது? ஏனுங்க சொல்லல?"

"உங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க சாமி அதச் சொல்றது?"

ராசு எழுந்து அவருக்கு நேராக, வெகு அருகில் வந்து நின்றான்.

"இப்பப் பாருங்க," என்றான்.

இவர் பார்க்கவில்லை. சுவரோரம் சுருட்டி நின்ற துண்டுகளில் ஏதோ ஒரு வண்டி எண்ணைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டார். ராசு அவர் திரும்புவதற்காகச் சற்று நேரம் நின்றான். பிறகு தார்ப்பாயை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த ஆலை லோடு பிறகு அவனுக்குக் கிடைக்கவில்லை. அன்று ஏற்றிக்கொண்டு போன வண்டிக்கே அது நிலைத்துவிட்டது. கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ராசு சில மாதம் ஓட்டிப் பார்த்தான். கோடையில் வண்டியை விற்றுவிட்டான். இப்போது வேறொருவரின் டேங்கரை ஓட்டுகிறான். எங்காவது பார்த்தால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிப்பான். அந்த நாளைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

தார்ப்பாய்க் கடையும் அதற்குப் பிறகு நீண்ட காலம் இல்லை. ஆட்கள் மெல்ல மெல்லக் குறைந்தார்கள். வெட்டிய துணிகள் மிஞ்சின. கடையைக் காலி செய்தபோது, எண் அழிந்துபோன துண்டுகளை யாருடையது என்று தெரியாமல் பழைய துணிக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்தார். அவரும் அக்காவும் எடப்பாடியில் உள்ள மகள் வீட்டோடு போய்விட்டார்கள். இரண்டு வருடம் முன்பு அங்கே பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றேன். "அதுக்கென்னுங்க தம்பி, வர்ற ஞாயித்துக்கெழமையே அக்காளையும் கூட்டிக்கிட்டு வாரேன்," என்றார். வரமாட்டார் என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரண்டு பேருக்குக் கூடுதலாக உலை வைக்கச் சொன்னேன்.

ராசு போன அந்த மாலையில் அவர் என் கடைக்குள் வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். என் கட்டிங் மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"எல்லாரு முன்னாலயும் சொல்லிப்போட்டீங்களே தம்பி."

"அவன் கேட்டானுங்ணா."

"கேட்டாருங்க. செரிதான். நீங்க சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் அவுரு லோடு ஏத்திக்கிட்டு இருப்பாரு. அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கறேன்."

"மழை வந்தா?"

"வந்தா உங்க பேச்சு செரி," என்றார். "வராட்டிப் போனா?"

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மழை வந்தாலும் வராவிட்டாலும் ஒத்தைத் தையல் ஒத்தைத் தையல்தான்; தெரிந்ததைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் கடையைப் பூட்டும்போது கொல்லிமலைப் பக்கம் ஒரு மின்னல் வெட்டியது. என் நெஞ்சு ஒருமுறை லேசானது. வீடு போய்ச் சேரும்வரை காற்றில் மண் வாசனை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். நாக்பூருக்குப் போகும் எவனோ ஒரு டிரைவரின் தலைமேல் இன்று நன்றாகக் கொட்டட்டும் என்று விரும்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, முகம் கூடக் கழுவாமல் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தேன். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். கையில் புழுதி ஒட்டியது.